லோவல் சைஸ்மோர் உயிரோடு இருக்கிறான்

சனிக்கிழமை காலை ஆனால் லோவல் சைஸ்மோர் தன்னுடைய நினைவிடத்தைச் சுத்தம் செய்யப் போவான். உலகத்தில் வேறு எந்த மனுஷனுக்கும் இப்படியொரு வேலை வாய்த்திருக்காது. சாலமன் ஓடை வளைகிற இடத்தில், பாலத்துக்குக் கீழே ஒரு பெரிய சிக்கமோர் மரம். அதன் வேரடியில் பிளாஸ்டிக் பூக்கள், மெழுகுவத்தி, அறுந்த கிட்டார் கம்பி, மழையில் ஊறிப்போன தொப்பி எல்லாம் கிடக்கும். கூடவே விஸ்கி. பாதி குடித்தது, கால்வாசி குடித்தது, சீல் உடைக்காதது என்று விதவிதமாக நிற்கும். அத்தனையும் செத்துப்போன லோவலுக்காக முகம் தெரியாத ஜனங்கள் அன்போடு வைத்துவிட்டுப் போனவை.

கோளாறு என்னவென்றால் லோவல் சாகவில்லை. நாற்பத்துநான்கு வயதில் நன்றாகத்தான் இருந்தான். பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. முழங்கால் வலி ஒன்றுதான் குறை. அவனைக் கொன்றது அவனுடைய தங்கை கார்லீன். அதுவும் ஒரு பாட்டுக்குள் வைத்துக் கொன்றுவிட்டாள்.

கென்டக்கி மலைப் பாட்டென்றால் யாராவது செத்தே ஆக வேண்டும். ஒருத்தரும் சாகாவிட்டால் ரயிலாவது கவிழ வேண்டும். இது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இந்தப் பாட்டுகளைத் தேடித் தேடிக் கேட்கிற நகரத்து ஜனங்கள் இருக்கிறார்களே, அவர்கள் கணக்கே வேறு. மேளதாளத்தோடு பாடினால் பொழுதுபோக்கு, ஒற்றைக் கிட்டாரை வைத்துக்கொண்டு ஒருத்தி தனியாக நின்று பாடினால் அது சத்தியம். குடித்துவிட்டு வெள்ளத்தில் இறங்கிய அண்ணனைப் பற்றி கார்லீன் பாடினாள். ஊர் பேரும் ஓடை பேரும் அண்ணன் பேரும் அதில் அப்படியே இருந்தன. கேட்டவர்கள் அழுதார்கள். அழுதுவிட்டுச் சும்மா இருந்தார்களா? வரைபடத்தைப் பார்த்து, பெட்ரோல் போட்டுக்கொண்டு, ஓடையைத் தேடி வந்துவிட்டார்கள்.

ஊர்க்காரர்களாவது உண்மையைச் சொல்லலாம் இல்லையா? பெட்ரோல் பங்க் வைத்திருக்கும் ஓட்டிஸ் சிரித்த முகத்தோடு வழி சொல்லி அனுப்புவான். வருகிறவர்கள் ஐஸும் சாண்ட்விச்சும் வாங்குகிறார்களே. லோவல் டீசல் போட வந்தால், "என்னப்பா, மரத்தடிக்கு இன்னிக்கு ரெண்டு கார் போயிருக்கு. எந்திரிச்சு வந்து வரவேற்கிறதில்லையா?" என்பான்.

லோவல் ஒருமுறை முயற்சி செய்தும் பார்த்தான். மரத்தடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு தம்பதியிடம் போய், "நான்தாங்க லோவல்" என்றான். அந்தப் பெண் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நாம எல்லாருமே லோவல்தான்" என்றாள். இதற்கு மேல் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

பூவையும் தொப்பியையும் அவன் குப்பைப் பையில் போடுவான். விஸ்கியை ஓடையில் கொட்டுவான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் கொட்டுவான். ஏனென்றால் பாட்டின் முதல் பாதி நிஜம். அவன் குடிகாரன். ஏழு வருஷத்துக்கு முன்னால், மார்ச் மாத வெள்ளத்தில், குடித்துவிட்டு ஓடையில் இறங்கினான். தண்ணீர் இழுத்துப் போய் இந்த மரத்தில்தான் செருகிவிட்டுப் போனது. மூன்று வாரம் நினைவில்லாமல் கிடந்தான். பிழைத்து வந்து அந்த வருஷமே குடியை விட்டவன், அதற்குப் பிறகு தொடவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சீல் உடைக்காத ஒன்றை அவன் கொட்டவில்லை. கறுப்பு மெழுகால் மூடியை அடைத்த, நல்ல கனமான புட்டி அது. அதைத் தன் பிக்கப் வண்டியின் சீட்டுக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டான். குடிக்கவில்லை. ஆனால் அது அங்கே இருக்கிறது என்ற நினைப்பு நாலு நாள் அவனை விடவில்லை. பட்டறையில் ஸ்பானரைப் பிடித்திருக்கும்போதும் சீட்டுக்கு அடியிலேயே மனசு கிடந்தது. ஐந்தாம் நாள் வில்டா கண்டுபிடித்துவிட்டாள்.

வில்டா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவள். புருஷனை இழந்தவள், வாய்க்காரி. வசந்தகாலம் வந்ததும் லோவலைக் கட்டிக்கொள்வதாக இருந்தாள். புட்டியைக் கொண்டுவந்து சமையல் மேசையில் ணங்கென்று வைத்தாள்.

"இது என்ன?"

"சனிக்கிழமை கிடைச்சது."

"கிடைச்சதை எல்லாம் ஓடையில கொட்டுவே. இது மட்டும் எப்படி வண்டி ஏறிச்சு?"

லோவல் புட்டியை எடுத்தான். எழுந்து போய் சிங்க்கில் கொட்டினான். கொட்டி முடிக்கும்வரை வில்டா பக்கத்திலேயே நின்றாள்.

"உன் தங்கச்சிகிட்டப் போய்ப் பேசு" என்றாள். "நீ உசிரோட இருக்கேன்னு அவ வாயால சொல்லட்டும். அவ சொன்னாத்தான் இந்தக் கிறுக்குங்க கேக்கும். ஒரு குடிகாரனைக் கட்டி, குழியில வச்சு, அழுது முடிச்சவ நான். இன்னொரு தடவை என்னால ஆகாதுய்யா."

கார்லீன் ஊருக்கு வந்து ஏழு வருஷமாகிறது. போனில் கூப்பிட்டால் எடுக்க மாட்டாள். அவள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாஷ்வில்லில் பாடுகிறாள் என்று தெரிந்ததும், வில்டாவே இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டாள்.

நாஷ்வில்லில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடும். மலையிலிருந்து இறங்குகிறவர்கள் எல்லாரும் இதை ஒரு தடவையாவது மறந்துவிட்டு அசடு வழிந்திருப்பார்கள். இவர்களும் மறந்தார்கள். கதவு திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றதால் மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது. முன்னொரு காலத்தில் செருப்புக் கடையாக இருந்த இடம் அது. நூறு பேர் உட்காரலாம். சுவரில் பெரிதாக ஓர் அட்டை: பாடும்போது பேசக் கூடாது. சும்மா ஒப்புக்கு எழுதிய அட்டை இல்லை. பாட்டு நடக்கும்போது, மது விற்கும் கவுண்டர்க்காரர் கிளாஸில் ஐஸ்கூடப் போட மாட்டார். சடை போட்ட நரைத்த தலையோடு, யார் தும்மப்போகிறார்கள் என்று பார்த்தபடியே நிற்பார்.

"சர்ச்சுலகூட இவ்வளவு கெடுபிடி இல்லையே" என்றாள் வில்டா.

"உஷ்" என்றார் கவுண்டர்க்காரர். இன்னும் பாட்டே ஆரம்பித்திருக்கவில்லை.

கார்லீன் மேடைக்கு வந்தாள். முன்னந்தலையில் ஒரு கற்றை நரைத்திருந்தது. ஆளும் இளைத்திருந்தாள். இடது காலை மட்டும் தட்டித் தாளம் போட்டாள். அப்பா தட்டுவதும் அதேபோலத்தான். லோவலுக்கு இருமல் வந்தது, இருமினால் வெளியே தள்ளிவிடுவார்களோ என்று அடக்கிக்கொண்டான். இரண்டு பாட்டுக்கு நடுவில் அவள் அம்மாவின் சோள ரொட்டியைப் பற்றி ஒரு கதை சொன்னாள். ஜனங்கள் உருகிப்போனார்கள். அம்மா சுட்ட ரொட்டியை நாய்கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும் என்பது அந்த அறையில் லோவலுக்கும் கார்லீனுக்கும் மட்டும்தான் தெரியும்.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகப் பாடினாள். ஓடைப் பாட்டை மட்டும் பாடவில்லை. அதைக் கடைசியில்தான் பாடுவாள், அதற்காகத்தான் பாதிப் பேர் வந்திருக்கிறார்கள் என்று பக்கத்து நாற்காலிக்காரர் இடைவேளையில் சொன்னார்.

இடைவேளையில் பாடினவளே மேசை போட்டு உட்கார்ந்து இசைத்தட்டு விற்பதுதான் அங்கே வழக்கம். வாங்குகிறவர்கள் தட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போக மாட்டார்கள். வரிசையில் நின்று, தங்கள் வீட்டுச் சாவுகளைப் பற்றி அவளிடம் சொல்வார்கள். அவளும் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். லோவலுக்கு முன்னால் தாடி வைத்த தடியான மனுஷர் ஒருவர் நின்றார்.

"நான் கிளீவ்லண்ட்ல இருந்து வர்றேன் தங்கச்சி" என்றார் அவர். "போன மாசம் சாலமன் ஓடைக்குப் போயிருந்தேன். உங்க அண்ணனுக்கு ஒரு விஸ்கி வச்சிட்டு வந்தேன். பன்னிரண்டு வருஷம் பழசு. என் தம்பிக்குன்னு வாங்கினது. அவனும் போயிட்டான், அதான்."

"ரொம்ப நன்றிங்க" என்றாள் கார்லீன். கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

"கறுப்பு மெழுகு வச்ச மூடிதானே?" என்று பின்னாலிருந்து கேட்டான் லோவல்.

தாடிக்காரர் திரும்பினார். "ஆமா! நீங்களும் அங்க போயிருந்தீங்களா?"

"வாரா வாரம் போறேன். சிங்க்குல கொட்டிட்டேன் அதை."

"கொட்டினீங்களா? யோவ், பன்னிரண்டு வருஷச் சரக்குய்யா அது!"

கார்லீன் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணே" என்றாள்.

"ஆமா பாப்பா."

அவள் மேசைக்கு மேலே எட்டி, அவன் வாய்க்குக் கிட்டே மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். சின்ன வயசிலிருந்து வந்த பழக்கம். லோவலும் பழைய பழக்கப்படி அசையாமல் நின்று காட்டினான்.

"காபி" என்றாள் கார்லீன்.

"அதுவும் சர்க்கரை போடாம" என்றாள் வில்டா. "நான் வில்டா. இவரைக் கட்டிக்கப்போறவ. உசிரோட இருந்தா."

தாடிக்காரர் ஒன்றும் புரியாமல் இவர்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, காபி வாங்கப் போகிறவர்போல ஒதுங்கிக்கொண்டார். லோவல் குரலைத் தாழ்த்தினான்.

"இவர் மாதிரி ஆளுங்க ஓயாம வர்றாங்க பாப்பா. நான் உசிரோட இருக்கேன்னு ஒரு வார்த்தை மேடையில சொல்லிடு. அவ்வளவுதான் நான் கேக்குறது."

"நீ செத்துட்டேன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்லை."

"பாடுறியே."

"பாட்டு வேற."

"அவங்களுக்கு வேற இல்லையே."

கார்லீன் மேசைமேல் இருந்த இசைத்தட்டுகளை ஒழுங்காக அடுக்கினாள். அவை ஏற்கனவே ஒழுங்காகத்தான் இருந்தன.

"அந்தப் பாட்டை எங்க எழுதினேன் தெரியுமா? ஆஸ்பத்திரி தாழ்வாரத்துல. நீ போயிட்டேன்னு வச்சுத்தான் எழுதினேன். டாக்டரும் அப்படித்தான் சொன்னார். அப்புறம் நீ கண்ணு முழிச்சே. முழிச்சதும் என்ன கேட்டே, ஞாபகம் இருக்கா?"

"இல்ல."

"ஒரு மடக்கு வாங்கிட்டு வான்னே. அம்மா பக்கத்துல நிக்கிறா. என் கிட்டாரை அடகு வச்சுக் குடிச்சே, பொறுத்துக்கிட்டேன். ஓடையில விழுந்தே, அழுதேன். ஆனா அன்னிக்கு அந்தக் கட்டில்லதான் நீ எனக்குச் செத்தே."

லோவலுக்கு இது தெரியாது. யாரும் அவனிடம் சொன்னதில்லை. அம்மாவும் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"அதுக்கப்புறம் நான் தொடல பாப்பா."

"இதுக்கு முன்னாடியும் பத்துத் தடவை தொடலைன்னே."

"சரி. நம்பாட்டிப் போ. குப்பை சேருது, அதுக்காகவாவது சொல்லேன்."

"குப்பையா?" என்றாள் வில்டா. "உள்ளதைச் சொல்லுய்யா."

லோவல் சொல்லவில்லை. வண்டி சீட்டுக்கு அடியில் வைத்ததைச் சொன்னால், பார்த்தியா, நான் சொன்னேனே என்பாள் தங்கை. ஏழு வருஷமும் ஒரே நொடியில் போய்விடும். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அதற்குள் கவுண்டர்க்காரர் மணியை அடித்துவிட்டார், வரிசை கலைந்தது. கார்லீன் பிடிகொடுக்காமல் எழுந்து போனாள்.

"போச்சு" என்றாள் வில்டா. "நாலு மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டு வந்து குப்பையைப் பத்திப் பேசின ஒரே ஆளு நீதான்."

இரண்டாம் பாதியில் லோவலுக்கு எந்தப் பாட்டும் காதில் ஏறவில்லை. ஊருக்குத் திரும்பினால் சனிக்கிழமை வரும், அதற்கடுத்த சனிக்கிழமையும் வரும் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தான். எழுந்து போய்விடலாம் என்று நினைத்த நேரத்தில் கார்லீன் கிட்டார் கம்பியைத் திருகி சுருதி மாற்றினாள். அறை முழுக்க ஜனங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எதற்கான சுருதி என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"இது என் அண்ணன் லோவலுக்கு" என்றாள் அவள். "வழக்கமா இதுக்கு மேல ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

நிறுத்தினாள். கம்பியை இன்னும் கொஞ்சம் திருகினாள்.

"என் அண்ணன் உசிரோட இருக்கான்."

முன்வரிசையில் ஒரு அம்மாள் கைக்குட்டையை எடுத்துவிட்டாள். "இருக்கான் கண்ணு! எப்பவும் இருப்பான்!" என்றாள். அந்த அறையின் சட்டத்தையும் மீறி ஜனங்கள் கைதட்டினார்கள். அடக் கடவுளே என்று வில்டா தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"அப்படி இல்லம்மா" என்றாள் கார்லீன். "நிஜமாவே இருக்கான். மூணாவது வரிசையில, நீலக் கட்டம் போட்ட சட்டை."

நூறு பேரும் திரும்பினார்கள். வில்டா முழங்கையால் இடித்ததில் லோவல் எழுந்து நின்றான். பழக்கதோஷத்தில் கவுண்டர்க்காரர் "உஷ்" என்றார். லோவல் வாயே திறக்கவில்லை.

தாடிக்காரர் பின்னாலிருந்து கேட்டார். "அப்போ பாட்டுல செத்தது யாரு?"

"இவன்தான்" என்றாள் கார்லீன். யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "செத்துத்தான் போனான். நான் பக்கத்துல இருந்து பார்த்தேன். இப்போ எந்திரிச்சு வந்து நிக்கிறான். நம்பலாமா வேணாமான்னு எனக்கே இன்னும் தெரியல."

"அப்போ பாட்டு கிடையாதா?" என்று இன்னொருவர் கேட்டார். டிக்கெட் வாங்கிய மனுஷரின் கவலை அவருக்கு.

"அவனைக் கேளுங்க. அண்ணே, பாடவா, வேணாமா? நீயே சொல்லு."

லோவல் எத்தனையோ பேருந்துகளின் வயிற்றுக்கடியில் படுத்திருக்கிறான், நூறு பேருக்கு முன்னால் நின்று பேசியதில்லை. வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருந்தான். முன்வரிசை அம்மாள் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு அவனையே பார்த்தாள். தம்பிக்கென்று வாங்கிய விஸ்கியைப் பறிகொடுத்த தாடிக்காரரும் பார்த்தார். அத்தனை கூட்டத்திலும் லோவல் பார்த்தது தங்கையை மட்டும்தான்.

"பாடட்டும்" என்றான். குரல் கரகரத்தது. "பாட்டு நல்லாத்தான் இருக்குன்னு சொல்றாங்க. ஆனா விஸ்கி மட்டும் யாரும் கொண்டு வராதீங்க. குப்பைக்காகச் சொல்லல." வில்டா அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். "போன மாசம் ஒண்ணை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். சீட்டுக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தேன். குடிக்கல. ஆனா அடுத்தது வந்தா குடிச்சிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். குடிச்சேன்னா, பாட்டுல இருக்கிற மாதிரியேதான் ஆகும்."

உட்கார்ந்தான். யாரும் கைதட்டவில்லை. தாடிக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கவுண்டர்க்காரர் தன் பின்னால் அலமாரியில் வரிசையாக நின்ற சரக்கைத் திரும்பிப் பார்த்தார்.

கார்லீன் ஒலிபெருக்கியை விட்டுத் தள்ளி, மேடையின் விளிம்பில் வந்து நின்றாள்.

"இதை ஏன் கீழே மேசைகிட்ட சொல்லல?"

"சொன்னா நீ போயிடுவேன்னு பயம்."

"போயிருப்பேன்" என்றாள். பிறகு, "இப்போ நம்புறேன். இதுக்கு முன்னாடி ஒரு தடவைகூட நீ குடிச்சிடுவேன்னு சொன்னதில்ல. குடிக்க மாட்டேன்னுதான் சொல்லியிருக்கே" என்றாள்.

பாடத் தொடங்கினாள். வெள்ளம் ஏறிய சாயங்காலத்தையும், கரையில் கழற்றிப் போட்ட பூட்ஸையும், லாந்தரோடு ஓடிய அம்மாவையும் பாடினாள். லோவல் அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டதே இல்லை. ரேடியோவில் வந்தால் நிறுத்திவிடுவான். அதில் தங்கை தன்னைத் திட்டியிருப்பாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தான். பாட்டில் ஒரு வசவுகூட இல்லை.

கடைசி வரிக்கு வந்தாள். அவன் சாகிற வரி அது. அவனைப் பார்த்தாள். வாய் திறந்தது, குரல் வரவில்லை. கை மட்டும் கிட்டாரை மீட்டிக்கொண்டே இருந்தது. மறுபடியும் முயன்றாள், மறுபடியும் முடியவில்லை. அப்போது முன்வரிசை அம்மாள் மெல்ல எடுத்துக் கொடுத்தாள். தாடிக்காரர் சேர்ந்துகொண்டார். பிறகு எல்லாருமே பாடினார்கள்:

ஓடை கொண்டு போச்சு, ஓடை கொண்டு போச்சு,
வீடு வந்து சேரலியே எங்கண்ணன் லோவலு.

நூறு பேர் ஒரே குரலில் அவனைத் தண்ணீரில் விட்டார்கள். பாட்டு திரும்பவும் அந்த வரிக்கு வந்தபோது லோவலும் பாடினான். சுருதி சேரவில்லை, சைஸ்மோர் வீட்டு ஆண்கள் யாருக்கும் சேராது. மேடையில் கார்லீன் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். அந்தப் பாட்டைப் பாடும்போது அவள் அதுவரை சிரித்ததில்லை.

"நீ எதுக்குய்யா பாடுறே?" என்று கேட்டாள் வில்டா.

"செத்துப்போனவனுக்காக நான் இன்னும் அழலியே" என்றான் லோவல். அடுத்த வரியைப் பாட அவனால் முடியவில்லை, வில்டாதான் பாடினாள்.